அவள் பெரிசாய் ஒண்டும் விளையாடமாட்டாள்

1

இந்தக் கிழமை உடுப்புத் தோய்க்கிற முறை எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது.

ஹம்பேர்க்கில் எங்கள் வரவேற்பறை முழுவதும் கையில்லாத நீலச் சட்டைகள் தொங்குகின்றன. கதிரை முதுகில், கதவுப் பிடியில், சுவாமித் தட்டுக்குக் கீழே இருக்கிற ஹீற்றரில், ஒன்று என் எழுதுமேசை விளக்கில். சேறு போய்விட்டது, மணம் போகவில்லை. ஜெர்மனியில் பிள்ளையை விளையாட்டில் சேர்த்தால் பிள்ளை மட்டும் சேராது, குடும்பமே சேரும். விளையாட்டுச் சங்கத்தை இங்கே ‘பெரைன்’ என்பார்கள். பெரைனுக்கு ஒரு கிழமை உடுப்புத் தோய்த்துக் கொடுக்க வேண்டும், இன்னொரு கிழமை கேக் சுட்டுக்கொண்டு போக வேண்டும், வேறொரு கிழமை ஊரார் பிள்ளைகளைக் காரில் ஏற்றி இறக்க வேண்டும். நான் அகதியாய் வந்து இறங்கியபோது இந்த நாடு என்னிடம் இவ்வளவு வேலை கேட்கவில்லை.

உண்மையில் இந்த ஞாயிற்றுக்கிழமை நான் மைதானத்தில் நிற்க வேண்டிய ஆள். ஏன் ஈரச் சட்டைகளுக்கு நடுவில் நிற்கிறேன் என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் மகள் ஆரணிக்குப் பதினான்கு வயது. அவள் விளையாடுவது ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து. யாழ்ப்பாணத்தில் இருக்கிற என் அண்ணைக்கு இதைத் தொலைபேசியில் விளங்கப்படுத்தப் போய் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

“றக்பியோ?” என்று கேட்டார்.

“இல்லை அண்ணை.”

“அப்ப ஃபுட்போல்.”

“அதுவும் இல்லை. பந்து முட்டை மாதிரி இருக்கும். காலாலை உதைக்கலாம், கையாலை பிடிக்கலாம், குத்தியும் குடுக்கலாம். ஓடேக்கை நிலத்திலை அடிச்சு அடிச்சு ஓடவேணும்.”

“நீ ஒரு விளையாட்டைச் சொல்லடா தம்பி, எல்லாத்தையும் ஒண்டாச் சொல்லாதை.”

இன்னும் அவருக்குச் சொல்லாதது ஒன்று உண்டு. இந்த விளையாட்டில் கோல் கம்பங்கள் நான்கு. நடுவில் இருக்கிற இரண்டு நெடிய கம்பங்களுக்கு ஊடாக உதைத்தால் ஆறு புள்ளி. குறி தப்பிப் பக்கத்தால் போனாலும் ஒரு புள்ளி தருவார்கள். தப்பினதுக்கும் புள்ளி கொடுக்கிற விளையாட்டை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை. எனக்கு அதில் அன்றே விருப்பம் வந்துவிட்டது.

ஆரணியின் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிற டேரன் ஓர் ஆஸ்திரேலியர். ஜெர்மன்காரியைக் கலியாணம் கட்டி ஹம்பேர்க்குக்கு வந்தவர். அவர் தன் ஊர் விளையாட்டை விட ஏலாமல், ஆண் பிள்ளை பெண் பிள்ளை எல்லாரையும் சேர்த்து ஓர் இளையோர் அக்கடமி தொடங்கினார். மூன்று வருடத்துக்கு முன் ஆரணி அங்கே போய், முழங்கால் தோலில்லாமலும் முகம் நிறையச் சிரிப்போடும் திரும்பி வந்தாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கும் பயிற்சிக்கும் ஒரே நேரம். தமிழ் ரீச்சர் இரண்டு முறை போன் எடுத்தார். மூன்றாம் முறை எடுக்கவில்லை. அதற்குச் சுகந்தி, அதாவது என் மனைவி, இன்றைக்கும் என்னைத்தான் திட்டுகிறாள்.

2

எனக்குப் பெரைன் கொடுத்த வேலை கோல் நடுவர்.

கேக் சுடத் தெரியாத தகப்பனுக்கு வேறு என்ன கொடுப்பார்கள். நான் பகலெல்லாம் பேருந்து ஓட்டுகிறவன், நேரே பார்த்துக்கொண்டு ஓரிடத்தில் இருக்கப் பழகியவன் என்று டேரன் கணக்குப் போட்டிருக்க வேண்டும். கம்பங்களுக்குக் கீழே நின்று, பந்து எதற்கூடாகப் போனது என்று பார்த்து, ஆறென்றால் இரண்டு விரல், ஒன்றென்றால் ஒரு விரல் காட்டி, பிறகு வெள்ளைக்கொடி அசைக்க வேண்டும். இதற்கென்று டேரன் ஊரிலிருந்து நீட்டு வெள்ளைக் கோட்டும் தொப்பியும் தருவித்திருந்தார். முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு நின்ற என்னைப் பார்த்துச் சுகந்தி, “பல்லுப் புடுங்க வந்த டொக்டர் மாதிரி நிக்கிறியள்” என்றாள்.

ஆனால் கோல் கம்பத்தடியில் நிற்கிறவனுக்குத் தெரிவது பயிற்சியாளருக்கும் தெரியாது. எந்தப் பிள்ளை பந்துக்குப் பயம், எந்தப் பிள்ளை பயமில்லாத மாதிரி நடிக்கிறது, எந்தப் பிள்ளை உதைக்க முதலே தாயைத் திரும்பிப் பார்க்கிறது, எல்லாம் எனக்குத் தெரியும். லேனா என்றொரு பெட்டை. இடதுகாலென்றும் வலதுகாலென்றும் பேதமில்லாமல் உதைப்பாள். யோனாஸ் என்றொரு பெடியன். மற்றவனின் தோளில் ஏறிப் பந்தைப் பிடிப்பான், இறங்கினதும் மன்னிப்புக் கேட்பான்.

ஆரணியைப் பற்றியும் சொல்கிறேன். பந்து நிலத்தில் பட்டால் எந்தப் பக்கம் துள்ளும் என்று ஒருவருக்கும் தெரியாது, முட்டைப் பந்தல்லவா. அவளுக்கு மட்டும் தெரியும். எல்லாரும் பந்துக்குப் பின்னால் ஓடுவார்கள், அவள் பந்து வரப்போகிற இடத்தில் போய் நிற்பாள். இதை இப்போதுதான் முதல் தடவையாக எழுத்தில் வைக்கிறேன். எழுதும்போதே கை கூசுகிறது, காரணம் கீழே.

3

எங்கள் ஆட்களின் பழக்கம் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெற்ற பிள்ளையைப் பிறத்தியாருக்கு முன்னால் புகழக்கூடாது. கண்ணூறு படும். ஆராவது வந்து ‘பிள்ளை எப்படி’ என்று கேட்டால் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்ல வேண்டும். நான் பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் நல்ல சித்தி எடுத்த அன்று, வாசலில் நின்று விசாரித்தவரிடம் என் அப்பா, “ஏதோ தப்பித் தவறிப் பாஸ் பண்ணிப்போட்டான்” என்றார். வந்தவர் உடனே, “கெட்டிக்காரன்தான்” என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கே சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் அது தெரியும். பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்கும் தெரியும்.

இந்தப் பழக்கத்தை நான் பெட்டியில் வைத்துக் கட்டாமலே இங்கே கொண்டு வந்துவிட்டேன்.

வசந்தகாலத்தில் பிறவ் லோறென்ஸ், அதாவது திருமதி லோறென்ஸ், என்ற அம்மா டார்ம்ஸ்டாட்டிலிருந்து வந்தார். ஜெர்மனியின் இளையோர் அணிக்குப் பிள்ளை தெரிவு செய்கிறவர் அவர். கோடையில் டென்மார்க்கில் போட்டி. ஆரணி சாப்பாட்டு மேசையில், குளியலறையில், கண்ணை மூடிச் சாமி கும்பிடுகிறபோது, எல்லா இடத்திலும் டென்மார்க்கைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளின் விளையாட்டைப் பார்த்த பிறகு, பிறவ் லோறென்ஸ் ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒரு டெர்மின், அதாவது வந்து சந்திக்க ஒரு நேரம், கொடுத்தார். பெரைன் அறையில் கோப்பி, பிஸ்கட், எதிரில் அவர்.

நான் கோல் நடுவர் என்பதால் முதலில் மற்றப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். என் ஜெர்மன் அன்றைக்கு ஆறு மாதிரி ஓடியது. லேனாவின் இரண்டு கால்களையும் புகழ்ந்தேன். யோனாஸின் பாய்ச்சலையும் மன்னிப்பையும் புகழ்ந்தேன். மற்றவர்களின் பிள்ளைகளுக்குக் கண்ணூறு படாதோ என்று கேட்காதீர்கள், அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

“உங்கள் மகள்?” என்று கேட்டார்.

“ஆரணியா. அவள் பெரிதாக ஒன்றும் விளையாடமாட்டாள். கொஞ்ச நேரம் ஓடுவாள், களைத்துவிடுவாள். ஒழுங்காகச் சாப்பிடுவதுமில்லை. சொல்வழி கேட்கமாட்டாள். வீட்டில் ஒரு கோப்பை கழுவமாட்டாள்” என்றேன்.

சொல்லிவிட்டு நிறுத்தினேன். இனி அவருடைய முறை. “என்ன இப்படிச் சொல்கிறீர்கள், அருமையான பிள்ளையல்லவா” என்று அவர் சொல்ல வேண்டும், நான் வெட்கப்பட்டுக் கோப்பியைக் குடிக்க வேண்டும். அவர் தலையாட்டினார். பிறகு எழுந்து என் கையை இறுக்கிக் குலுக்கினார். “மற்றப் பெற்றோர் எல்லாரும் தங்கள் பிள்ளையைத் தூக்கித் தலையில் வைக்கிறார்கள். இவ்வளவு நேர்மையான தகப்பனை நான் கண்டதில்லை” என்றார்.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சுகந்தியிடம் சொன்னேன்.

“நல்லாச் செய்தியள். அந்த மனிசிக்கு நீலக் கண் வேறை, பட்டாப் பொல்லாது” என்றாள் அவள்.

4

அடுத்த பயிற்சியின் முடிவில் டேரன் தெரிவானவர்களின் பெயர்களைச் சொன்னார். லேனாவைச் சொன்னார். யோனாஸைச் சொன்னார். வேறு சிலரைச் சொன்னார். ஆரணியைச் சொல்லவில்லை. அவள் சப்பாத்துக் கயிற்றைக் கட்டுகிற மாதிரிக் குனிந்தாள், கட்டியிருந்த கயிற்றையே திரும்பவும் கட்டினாள்.

யோனாஸின் தகப்பன் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து, காரிலிருந்து ஒரு வைன் போத்தலை எடுத்துத் தந்தார். நான் சொன்ன நல்ல வார்த்தையால்தான் மகன் தெரிவானானாம். போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னை டேரன் ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

“எனக்கும் கவலைதான். ஆனால் அவள் களைத்துப் போகிறாள், சாப்பிடுகிறாளில்லை, சொல்வழி கேட்கிறாளில்லை என்று நீங்களே சொன்னபிறகு, பிள்ளையை நெருக்கக் கூடாதென்று பிறவ் லோறென்ஸ் நினைத்துவிட்டார். வீட்டில் ஏதும் கஷ்டமென்றால் என்னோடு கதைக்கலாம்” என்றார்.

பிரயாணிகள் எத்தனையோ விதமாக ஏசி நான் கேட்டிருக்கிறேன். இந்தக் கனிவான வார்த்தைதான் என்னைச் சுட்டது.

டேரன் சொன்னதை ஆரணியும் கேட்டிருந்தாள். காரில் அவள் பின்சீற்றில் ஏறினாள். வழக்கமாக முன்னால் இருந்து பாட்டு மாற்றிக்கொண்டு வருகிறவள். சிவப்பு விளக்கில் நிற்கும்போது மெல்லக் கேட்டாள்.

“அப்பா, நீங்கள் உண்மையா அப்பிடித்தான் நினைக்கிறீங்களோ?”

“சீச்சீ. அது சும்மா சொல்லுறது, பிள்ளை. கண்ணூறு படக்கூடாதெண்டு.”

“அப்ப வீட்டுக்கு வாற ஆக்களிட்டைச் சொல்லுறது? இவளுக்கு ஒண்டும் தெரியாது, இவள் சரியான சோம்பேறி எண்டு?”

“அதுவும் அதுதான்.”

விளக்குப் பச்சையானது, பின்னால் ஒருத்தன் ஹோர்ன் அடித்தான்.

“எனக்கு ஒருத்தரும் அதைச் சொல்லித் தரேல்லையே, அப்பா. நான் உண்மையெண்டெல்லோ இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனான்.”

ஊரில் என்னைச் சுற்றி இருபது பேர் இந்தப் பழக்கத்தோடு இருந்தார்கள், பார்த்து விளங்கிக்கொண்டேன். இவளைச் சுற்றி நானும் சுகந்தியும் மட்டும்தான். அவளுக்குத் தமிழ் எழுத்து மறந்துபோகிறதென்று கவலைப்பட்ட நான், இதை அவளுக்குச் சொல்லியே கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் காரை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன், அவள் படியேறிப் போய்விட்டாள்.

5

பிறகு ஒரு பிள்ளை குடும்பத்தோடு விடுமுறைக்குப் போவதாகச் சொல்லி விலகியது. ஓர் இடம் காலி. ஹம்பேர்க்கில் நடக்கவிருந்த கடைசிப் பயிற்சி ஆட்டத்துக்குப் பிறவ் லோறென்ஸ் திரும்பவும் வருவதாக டேரன் சொன்னார்.

“போய் உண்மையைச் சொல்லுங்கோ. ஆனா அளவாச் சொல்லுங்கோ” என்றாள் சுகந்தி.

குசினியில் நின்று பழகினேன். ‘என் மகள் நல்லாய் விளையாடுவாள்.’ இவ்வளவுதான் வசனம். ஜெர்மனில் ஒருமாதிரி வந்துவிட்டது. தமிழில் சொல்லிப் பார்த்தேன், தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. சுகந்தி றோல்ஸுக்கு மாவைத் தேய்த்துக்கொண்டே, “எனக்கும் ஏலாது, நீங்கள் ஜெர்மனிலையே சொல்லுங்கோ” என்றாள். அந்தக் கிழமை கேக் எங்கள் முறை. எங்கள் வீட்டுக் கேக் எப்போதும் ஆட்டிறைச்சி றோல்ஸாகத்தான் இருக்கும், பெரைன் அதற்குப் பழகிவிட்டது.

அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது. ஆரணி கோபத்தோடு விளையாடினாள். பந்து எங்கே விழுந்தாலும் அவள் அதற்கு முதலே அங்கே நின்றாள். கடைசிக் கட்டத்தில் இரண்டு பெடியன்களுக்கு நடுவால் புகுந்து, ஓடுகிற ஓட்டத்தில் உதைத்தாள். பந்து என் தலைக்கு மேலால், நெடிய கம்பங்கள் இரண்டுக்கும் நடுவால் போனது. நான் இரண்டு விரலைக் காட்டினேன். கொடிகளை அசைக்கத் தொடங்கினேன். நிறுத்துகிற எண்ணமே வரவில்லை. டேரன் தூரத்திலிருந்து, ஒரு கோலுக்கு ஒரு முறை அசைத்தால் போதும் என்று கத்தினார்.

ஆட்டம் முடிந்து எல்லாரும் சொசேஜ் சுடுகிற அடுப்பைச் சுற்றிக் கூடினார்கள். பிறவ் லோறென்ஸ் ஒரு கையில் பாணும் சொசேஜுமாக நின்றார். நான் வெள்ளைக் கோட்டோடு போனேன், கொடி இரண்டும் கையில்.

“முதல் நாள் நான் சொன்னது பொய். அது எங்கள் ஊர் மரியாதை. உண்மை இனித்தான்” என்று தொடங்கினேன்.

அதன் பிறகு என் வாயை எனக்கே பிடிக்க முடியவில்லை. அவள் களைக்கமாட்டாள், மூன்று வருடமாக ஒரு பயிற்சி தவறவில்லை, காய்ச்சலிலும் வந்தாள் என்றேன். பந்து துள்ளுகிற திசை அவளுக்கு முதலே தெரியும் என்றேன். விழுந்த பிள்ளையை எந்த அணியென்று பாராமல் தூக்கிவிடுவாள் என்றேன். கணக்கில் கெட்டிக்காரி, இரவில் தாய்க்குக் கால் பிடித்துவிடுவாள், பிறந்தபோது நாலு கிலோ இருந்தாள் என்றும் சொன்னேன். பெற்றோர் எல்லாரும் சொசேஜைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். ஆரணி வந்து என் கோட்டைப் பிடித்து இழுத்து, “அப்பா, காணும்” என்றாள். எனக்குப் போதவில்லை. பதினான்கு வருடத்து மிச்சம் இருந்தது.

இந்த நேரமெல்லாம் சுகந்தியின் முகம் வெளுத்துக்கொண்டே போனதை நான் கவனிக்கவில்லை. இத்தனை கண்ணுக்கு முன்னால், இத்தனை புகழ்ச்சி. அவள் கைப்பையைத் திறந்தாள். முன்னேற்பாடாகவே வந்திருக்கிறாள். உப்பையும் செத்தல் மிளகாயையும் கைக்குள் பொத்திக்கொண்டு, பிள்ளையின் தலையைத் தடவுகிற மாதிரி மூன்று முறை சுற்றினாள். பிறகு சொசேஜைத் திருப்பிவிடுகிற சாட்டில் எல்லாவற்றையும் அடுப்பு நெருப்பில் போட்டாள்.

கண்ணூறு இருந்தால் மிளகாய் எரிகிறபோது கமறாது, இல்லாவிட்டால் கமறும் என்பது உங்களுக்குத் தெரியும். கமறியது. முதலில் டேரன் தும்மினார். பிறகு லேனாவின் தாய். பிறகு வரிசையில் நின்ற முழுப் பெரைனும் இருமியது. யோனாஸின் தகப்பன் சொசேஜை எறிந்துவிட்டு ஓடினார். பிறவ் லோறென்ஸின் நீலக் கண்ணிரண்டும் சிவந்து, தாரை தாரையாகத் தண்ணீர் வழிந்தது. பிந்தி வந்த ஒருவர், இந்தத் தகப்பன் அப்படி என்ன சொன்னார், எல்லாரும் அழுகிறார்களே என்று கேட்டாராம்.

சுகந்தி மட்டும் இருமிக்கொண்டே சிரித்தாள்.

“பாத்தியளே, இஞ்சை ஒருத்தருக்கும் பொல்லாத கண்ணில்லை. நீங்கள் வேணுமெண்டா இன்னும் சொல்லலாம்.”

6

காற்று மாறியதும் பிறவ் லோறென்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரணியிடம் போனார். “உன் அப்பா சொன்ன இரண்டில் எது சரி?” என்று கேட்டார்.

“இரண்டாவது. ஆனால் நாலு கிலோவை விட்டுவிடுங்கள்” என்றாள் அவள்.

“டென்மார்க்குக்கு வர உனக்கு விருப்பமா?”

ஆரணி தலையாட்டினாள். வாய் திறந்தால் அழுதுவிடுவாள் போலிருந்தது. பிறவ் லோறென்ஸ் அவளின் தோளில் தட்டி, அப்படியென்றால் அந்த இடம் உனக்குத்தான் என்றார். நான் ஒரு கொடியைக் கீழே போட்டுவிட்டேன்.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் இப்போது டென்மார்க்கில் நின்றிருப்பேன். அணியோடு ஒரு கோல் நடுவரும் போக வேண்டும். பெற்றோரில் எனக்கும் யோனாஸின் தகப்பனுக்கும்தான் அந்த வேலை பழக்கம். பிறவ் லோறென்ஸ் என்னைக் கண்ணால் காட்டி, “உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா, அவர் எப்படி?” என்று ஆரணியைக் கேட்டார்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அப்பாவா. அவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. கன நேரம் நிற்கமாட்டார், களைத்துவிடுவார். சாப்பாட்டில்தான் கவனம். சொல்வழி கேட்கவேமாட்டார்” என்றாள் நல்ல ஜெர்மனில்.

பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், மெதுவாக, “உங்களுக்குக் கண்ணூறு படக்கூடாதெல்லோ, அப்பா” என்றாள்.

அந்த வெள்ளைக் கோட்டோடு நான் நின்ற நிலையை எப்படிச் சொல்ல. என்னை ஒருவரும் அந்த அளவுக்குப் புகழ்ந்ததில்லை. பிறவ் லோறென்ஸ் நேர்மையான மனிசி, கேட்டதை அப்படியே நம்புகிறவர். யோனாஸின் தகப்பனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதனால்தான் நான் இங்கே சட்டை காயவைத்துக்கொண்டு நிற்கிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே டென்மார்க்கிலிருந்து போன் வந்தது. முதல் ஆட்டம் முடிந்துவிட்டதாம்.

“எப்பிடிப் பிள்ளை விளையாட்டு?” என்று கேட்டேன்.

“சும்மா ஓடினனான், அப்பா. பெரிசாய் ஒண்டுமில்லை” என்றாள்.

அவளுக்குப் பின்னால் ஒரு பட்டாளமே ஆரணி ஆரணி என்று கத்திக்கொண்டிருந்தது. யோனாஸின் தகப்பனின் குரல்தான் எல்லாவற்றிலும் பெரிதாகக் கேட்டது. நான் போனை வைத்துவிட்டுக் குசினிப் பக்கம் திரும்பி, சுகந்தி, செத்தல் மிளகாய் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.